கனடா ஏன் ஒரு நாள் முறைக்கிறது, மறுநாள் இறங்கி வருகிறது?

"கார்னி ட்ரம்ப் முகத்துக்கு நேரே சொல்லிட்டார் பார்த்தீங்களா" என்று கனடியப் பிரதமர் மார்க் கார்னியைப் பற்றி ஒரு வீடியோ வாட்ஸப்பில் சுற்றும். பத்து நாள் கழித்து "கனடா சரண்டர்" என்று இன்னொன்று வரும். இரண்டிலும் சொல்லப்படுவது நடந்த விஷயம்தான், ஆனால் இரண்டுமே ஆளின் துணிச்சலை மட்டும்தான் பார்க்கின்றன. வீரனா கோழையா என்று கேட்டால், அமெரிக்க அதிபர் ட்ரம்ப் கனடியப் பொருட்கள்மேல் போட்ட வரியை ஒட்டிய இந்த விவகாரத்தில் எதுவுமே புரியாது. கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் 4 கோடி பேரின் பிழைப்பு சம்பந்தப்பட்ட ஒன்றை நாம் குத்துச்சண்டை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

## ஒரே கடைக்குப் பால் ஊற்றுகிறவர்

ஒரு பால்காரர் இருக்கிறார். தினமும் நூறு லிட்டர் கறக்கிறார், அதில் எழுபத்தைந்து லிட்டர் தெருமுனையில் இருக்கும் ஒரே ஒரு பெரிய டீக்கடைக்குப் போகிறது. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கடை பக்கத்தில் இருக்கிறது, வண்டிச் செலவு இல்லை, காசு தேதி தவறாமல் வந்துவிடும், அதனால் வேறு கடை தேட வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. ஒருநாள் கடையின் முதலாளி வெளியே வந்து, "இத்தனை வருஷமா நீ என்னை ஏமாத்திட்டே, இனிமே உன் பாலுக்கு இங்கே தனி வரி, பேசாம உன் தொழுவத்தையே என் கடையோட சேர்த்துடு" என்கிறார்.

பால்காரர் என்ன செய்வார்? கோபத்தில் பாலை நிறுத்தலாம், ஆனால் மாடு கறப்பதை நிறுத்தாது. வேறு கடை தேடலாம், அதற்கு மாதக்கணக்கு ஆகும். சண்டை போடலாம், சமாதானம் பேசலாம். இதில் எதைச் செய்தாலும் நாளைக்கு விடிந்தால் எழுபத்தைந்து லிட்டர் பால் எங்காவது போய்ச் சேர வேண்டும்.

கனடாவின் நிலை இதுதான். அது வெளிநாடுகளுக்கு விற்கும் சரக்கில் ஏறத்தாழ முக்கால்வாசி அமெரிக்காவுக்குத்தான் 2024 வரை போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் கனடாவினுடையதைப்போல சுமார் 13 மடங்கு பெரியது. இருவருக்கும் நடுவே 8,891 கிலோமீட்டர் எல்லை, உலகில் இரண்டு நாடுகள் பகிர்ந்துகொள்ளும் எல்லைகளில் இதுதான் மிக நீளமானது. இன்றைய பிரதமருக்கு முன்பிருந்த ஜஸ்டின் ட்ரூடோவின் அப்பா பியர் ட்ரூடோவும் பிரதமராக இருந்தவர். அவர் 1969-இல் வாஷிங்டனுக்கே போய் ஒன்று சொன்னார்: உங்கள் பக்கத்தில் வாழ்வது யானையோடு படுத்துத் தூங்குவது மாதிரி, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு அசைவும் உறுமலும் எங்களை வந்து தாக்கும். அது சாதுவான யானையைப் பற்றிச் சொன்னது.

ஆனால் டீக்கடைக்கும் ஒரு தேவை இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்கா இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயில் பாதிக்கும் மேல் கனடாவிலிருந்து வருகிறது, நாளொன்றுக்கு சுமார் 40 லட்சம் பீப்பாய். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இருக்கும் பல சுத்திகரிப்பு ஆலைகள் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எடுக்கும் கனமான எண்ணெய்க்கென்றே அமைக்கப்பட்டவை, நாளைக்கே வேறு எண்ணெயை ஊற்றி ஓட்ட முடியாது. அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயி வயலில் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண மண்ணிலிருந்து வருகிறது. அலுமினியம் கியூபெக்கிலிருந்து. இப்படி எதிராளிக்கு நம்மிடம் இருக்கும் தேவையைத்தான் பேச்சுவார்த்தை மொழியில் 'பிடி' என்பார்கள். கனடாவிடம் பிடி இருக்கிறது. அதை இழுத்தால் அமெரிக்காவுக்கு வலிக்கும், கனடாவுக்கு அதைவிட அதிகமாக வலிக்கும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

## வரியை யார் கட்டுகிறார்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "ட்ரம்ப் கனடா மேல் வரி போட்டார்" என்றதும் கனடா பணம் கட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு அபார்ட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் காய்கறிக்கு நூற்றுக்கு இருபத்தைந்து ரூபாய் கேட்டிலேயே கட்ட வேண்டும் என்று செயலாளர் விதி போடுகிறார். யார் கட்டுவது? காய்கறியை உள்ளே எடுத்துக்கொண்டு போகும் குடியிருப்புக்காரர்தான். காய்கறிக்காரர் ஒரு பைசா கட்டுவதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் என்ன ஆகும்? சிலர் அவரிடம் வாங்குவதைக் குறைப்பார்கள், சிலர் "நீ விலையைக் குறைத்துக் கொடு" என்பார்கள், சிலர் உள்ளேயே மொட்டைமாடித் தோட்டம் போடுவார்கள். காய்கறிக்காரருக்கு நஷ்டம் வருவது அந்த வழியில்தான்.

சுங்கவரி என்பது அவ்வளவுதான்: எல்லையைத் தாண்டி உள்ளே வரும் பொருளுக்கு, அதை வரவழைக்கிறவர் தன் நாட்டு அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. ட்ரம்ப் போடும் வரியை முதலில் கட்டுவது அமெரிக்கக் கம்பெனி. அதில் ஒரு பகுதி அமெரிக்க வாடிக்கையாளர் தலையில் விழும். கனடாவில் இருப்பவருக்கு ஆர்டர் குறையும், ஷிஃப்ட் குறையும், வேலை போகும்.

இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். கனடா பதிலுக்கு வரி போட்டால் அதை முதலில் கட்டுவது கனடியக் கம்பெனி, பிறகு கனடியக் குடும்பம். பதிலடி கொடுப்பது என்பது தன் கையைக் கொஞ்சம் சுட்டுக்கொண்டுதான் எதிராளியைச் சுடுவது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "பதிலுக்குப் போட வேண்டியதுதானே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடும் விஷயம் சுலபமானது இல்லை.

சுருக்கமாக: ட்ரம்ப் வரியில் அமெரிக்கருக்கு விலை ஏறும், கனடியருக்கு வேலை போகும். கனடாவின் பதில் வரியில் இது அப்படியே தலைகீழ்.

## எல்லா வரியும் ஒரே வரி இல்லை

இது கொஞ்சம் நுணுக்கமான இடம், ஆனால் கனடா ஏன் சில இடங்களில் பேசாமல் இருந்தது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வரி போடும் அதிகாரம் அவர்கள் அரசியல் சாசனப்படி நாடாளுமன்றத்துக்கு, அதாவது காங்கிரசுக்கு. அதிபர் தானாகப் போட வேண்டுமென்றால் காங்கிரஸ் ஏற்கெனவே கொடுத்துவைத்த ஏதாவது ஒரு சட்டத்தைக் காட்ட வேண்டும். ட்ரம்ப் 2025-இல் கனடா விஷயத்தில் இரண்டு சட்டங்களைக் காட்டினார்.

ஒன்று, 1977-ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம். ஃபென்டனில் என்னும் போதை மருந்தும் ஆட்களும் எல்லை தாண்டி வருவது அவசரநிலை என்று சொல்லி, 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி கனடியப் பொருட்களுக்கு 25 சதவீதமும் எரிசக்திக்கு மட்டும் 10 சதவீதமும் என்று உத்தரவு போட்டார். அமெரிக்க அரசின் கணக்கையே பார்த்தால், 2024 நிதியாண்டில் கனடா எல்லையில் அவர்கள் பிடித்த ஃபென்டனில் 20 கிலோவுக்கும் குறைவு, மெக்சிகோ எல்லையில் பிடித்தது 9,000 கிலோவுக்கும் மேல். எரிசக்திக்கு ஏன் 10 மட்டும் என்று யோசித்தால் முன்பு சொன்ன 'பிடி' ஞாபகம் வரும்: பெட்ரோல் விலை ஏறினால் அமெரிக்க வாக்காளர் விடமாட்டார்.

மற்றொன்று, 1962-ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு. ஒரு பொருள் வெளியிலிருந்து அதிகமாக வருவது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி அந்தப் பொருளுக்கு மட்டும் போடும் வரி. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 2025 மார்ச்சில் 25 சதவீதம், ஜூனில் அதுவே 50 ஆனது. கார்களுக்கு ஏப்ரலில் 25.

முதல் வகை வரி பார்க்கப் பயங்கரமாக இருந்தது, ஆனால் மார்ச் 4-ஆம் தேதி அமலுக்கு வந்து இரண்டே நாளில் அதில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்ட வர்த்தக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, கனடியர்கள் அதை 'கஸ்மா' என்பார்கள். 2018-இல் ட்ரம்பே கையெழுத்துப் போட்டு 2020 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்த விதிப்படி தயாரான பொருளுக்கு இந்த வரி கிடையாது என்று வெள்ளை மாளிகையே விலக்கு கொடுத்தது. ஆகஸ்டில் ட்ரம்ப் 25-ஐ 35 ஆக்கியபோதும் இந்த விலக்கு நின்றது. அதனால்தான் "35 சதவீத வரி" என்று தலைப்புச் செய்தி ஓடிய அதே மாதத்தில், கனடா-அமெரிக்க வர்த்தகத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் வரியே இல்லாமல் போகிறது என்று கார்னியால் சொல்ல முடிந்தது.

இரண்டாம் வகையில் அவ்வளவு பெரிய ஓட்டை இல்லை. எஃகும் அலுமினியமும் அடிபட்டன, காரும் அடிபட்டது. ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் ஒன்டாரியோவின் பிராம்ப்டன் ஆலைக்கென்று திட்டமிட்டிருந்த ஜீப் மாடலை அமெரிக்காவின் இல்லினாய்சுக்கு மாற்றுவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. பிராம்ப்டனில் மூவாயிரம் தொழிலாளர்கள். வீடியோக்களில் வராத பக்கம் இது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2026 பிப்ரவரியில், அவசரநிலைச் சட்டம் வரி போடும் அதிகாரத்தைத் தரவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. முதல் வகை வரி அதோடு விழுந்தது. ஆனால் 232 அந்தத் தீர்ப்பில் இல்லை, எஃகுத் தொழிலாளிக்கு அந்தத் தீர்ப்பால் ஒன்றும் மாறவில்லை.

சரி, அந்தத் தீர்ப்புக்கு முன் கனடியத் தலைவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சரக்கில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒரு விலக்கு. அதைக் கொடுத்தவர் நினைத்தால் எடுத்துவிடலாம் என்ற பயம் எப்போதும் இருக்கிறது. நீங்கள் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அந்த விலக்கை மனதில் வைத்துத்தான் வெளியே வரும். கார்னியின் மௌனங்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

## பதிலடி எப்போது வேலை செய்யும்?

2018-இல் ட்ரம்ப் முதல் தடவை கனடிய எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 என்று போட்டபோது, கனடா அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, தன் தேசிய நாளிலேயே, 1,660 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்களுக்குப் பதில் வரி போட்டது. பட்டியலில் எஃகும் அலுமினியமும் மட்டுமில்லை, கெச்சப், ஆரஞ்சு ஜூஸ், விஸ்கியும் இருந்தன. ஆரஞ்சு ஜூஸ் என்றால் ஃபுளோரிடா. விஸ்கி என்றால் கென்டக்கி, அப்போது செனட்டில் ட்ரம்ப் கட்சியை வழிநடத்திய மிட்ச் மெக்கானலின் மாநிலம். தனக்கு வலி குறைவாகவும், எதிராளிக்குச் சரியான இடத்தில் அதிகமாகவும் இருக்கும்படி பொறுக்கி எடுத்த பட்டியல் அது. 2019 மே மாதம் இருபக்க வரியும் நீங்கியது. புது ஒப்பந்தத்துக்குக் காங்கிரசின் ஒப்புதல் வேண்டியிருந்ததும், எஃகு வரி போகாமல் ஒப்புதல் இல்லை என்று ட்ரம்ப் கட்சியின் செனட்டர்களே சொன்னதும் அதற்குக் காரணம். அதாவது அந்த வலியை அதிபரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க உள்ளேயே ஆட்கள் இருந்தார்கள்.

2025-இல் அந்த ஆட்கள் இல்லை, அல்லது இருந்தும் வாய் திறக்கவில்லை. மார்ச் 4-ஆம் தேதி ட்ரூடோ உடனே 3,000 கோடி கனடிய டாலர் பொருட்களுக்குப் பதில் வரி போட்டார், "டொனால்ட், நீங்கள் ரொம்பப் புத்திசாலி, ஆனால் இது ரொம்ப முட்டாள்தனமான வேலை" என்று நேரடியாகப் பெயர் சொல்லிப் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனால் வரி நீங்கிவிடவில்லை.

அடுத்த வாரம் ஒன்டாரியோவில் நடந்ததை அப்படியே பாடமாக வைக்கலாம். அந்த மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், மின்னசோட்டா, மிச்சிகன், நியூயார்க் மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் என்று மார்ச் 10-ஆம் தேதி அறிவித்தார். மறுநாள் காலையே ட்ரம்ப், அப்படியென்றால் கனடிய எஃகு, அலுமினிய வரி 50 ஆகும் என்றார். அன்று பிற்பகல் ஃபோர்ட் கட்டணத்தை நிறுத்திவைத்தார், ட்ரம்பும் 50-ஐ விட்டார். ஒன்றரை நாள் கூட இல்லை. ஃபோர்ட் பயந்தார் என்று பேசினார்கள், என்னைக் கேட்டால் பிடியை இழுத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் இருப்பவர் தனக்கு வலிக்கும் என்று தயங்குகிற ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டார். சண்டைக்கே சண்டை பிடிக்கும் ஒருவரிடம் பதிலடியின் அரசியல் கணக்கு மாறிவிடுகிறது, இதுதான் 2018-க்கும் 2025-க்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் வேலை செய்த பதிலடி ஒன்றும் இருந்தது. ஒன்டாரியோவில் மதுவை மொத்தமாக வாங்கி விற்பது மாகாண அரசின் நிறுவனம், நம் டாஸ்மாக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 4-ஆம் தேதி அதன் அலமாரிகளிலிருந்து அமெரிக்க மது முழுவதும் எடுக்கப்பட்டது, மற்ற மாகாணங்கள் பலவும் அதையே செய்தன. இதனால் கனடியருக்குப் பெரிய நஷ்டமில்லை, வேறு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். வரியைவிட இது மோசம் என்று கென்டக்கி விஸ்கிக் கம்பெனி ஒன்றின் தலைவர் வாய்விட்டே சொன்னார். அப்புறம் மக்கள் தாங்களாகச் செய்தது: அமெரிக்காவுக்குக் காரில் போய்வரும் கனடியர் எண்ணிக்கை 2025-இல் பல மாதங்கள் முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எந்த அரசும் உத்தரவு போடவில்லை. அரசு செய்யாத ஒன்றைப் பேச்சுவார்த்தை மேசையில் "நிறுத்து" என்று கேட்கவும் முடியாது.

செப்டம்பர் 1-ஆம் தேதி கார்னி கனடாவின் பதில் வரிகளில் பெரும்பாலானவற்றை எடுத்தார், எஃகு, அலுமினியம், கார் மட்டும் மிச்சம் வைத்தார். "சரண்டர்" வீடியோ ஒன்று அப்போது வந்தது. மேலே சொன்னதை வைத்துப் பாருங்கள்: கஸ்மா பொருளுக்கு அமெரிக்கா வரி போடவில்லை, அதே வகைப் பொருளுக்குக் கனடா வரி போட்டுக்கொண்டிருந்தால் கட்டுகிறவர் கனடியர்தான். எங்கே அடிபட்டதோ அங்கே மட்டும் பதில் வரியை வைத்துக்கொண்டார். அதைச் சரணடைதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## காட்டுவதற்கு ஒரு வெற்றி

இதுமாதிரி அதிபர்களிடம் பேசுவதில் இன்னொரு உத்தி இருக்கிறது: நாம் எப்படியும் செய்யப்போகிற வேலையை அவருடைய வெற்றியாகக் கொடுத்துவிடுவது.

2024 டிசம்பரிலேயே கனடா எல்லைக் காவலுக்கு 130 கோடி கனடிய டாலர் ஒதுக்கி ஹெலிகாப்டர், ட்ரோன் எல்லாம் அறிவித்துவிட்டது. 2025 பிப்ரவரி 3-ஆம் தேதி, வரி அமலாவதற்குச் சில மணி நேரம் முன்பு, ட்ரூடோ ட்ரம்போடு தொலைபேசியில் பேசினார். அதே திட்டம், அதோடு ஃபென்டனிலுக்கு என்று தனியாக ஒரு பொறுப்பாளர். வரி 30 நாள் தள்ளிப்போனது. புதிதாகக் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம், வாங்கியது ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் கம்பெனிகள் சரக்கை அவசர அவசரமாக எல்லை தாண்டி அனுப்பிவைத்தன. ராஜதந்திரம் என்றால் பல நேரம் இப்படி நாள் வாங்குவதுதான்.

எல்லை விவகாரம் இன்றைக்குப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில். 2025 ஜூனில் எல்லைப் பாதுகாப்பு மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தவர் அதன் அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி, டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

இதே உத்தி தப்பாகப் போன இடமும் உண்டு. பெரிய இணைய நிறுவனங்கள் கனடாவில் சம்பாதிப்பதில் 3 சதவீதம் கட்ட வேண்டும் என்று கனடா ஒரு டிஜிட்டல் வரி வைத்திருந்தது. முதல் தவணை 2025 ஜூன் 30-ஆம் தேதி வரவேண்டியது. 27-ஆம் தேதி ட்ரம்ப், இந்த வரி இருக்கும்வரை பேச்சே இல்லை என்றார். 29-ஆம் தேதி இரவு கனடா அதைக் கைவிட்டது. பேச்சு மறுபடி தொடங்கியது, ஆனால் ஒரு மாதத்தில் வரி 35 ஆனது. பேச்சைத் தொடங்க மட்டும் இவ்வளவு பெரிய காயை வெட்டுக் கொடுத்தது தவறு என்பது என் கருத்து, பதிலுக்கு ஏதாவது கையில் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்க வேண்டும்.

## ஒரு நாடு, பதினொரு வாய்

கனடாவில் ஒரு மத்திய அரசு, பத்து மாகாண அரசுகள். எண்ணெய் ஆல்பர்ட்டாவிடம், கார் ஒன்டாரியோவிடம், அலுமினியம் கியூபெக்கிடம். தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு மட்டும் தனியாக ஒரு முடிவு எடுத்துவிட முடியாது.

2025 ஜனவரியில் எல்லா முதல்வர்களும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டபோது ஆல்பர்ட்டாவின் டேனியல் ஸ்மித் கையெழுத்துப் போடவில்லை. எண்ணெயை நிறுத்துவதோ அதன்மேல் ஏற்றுமதி வரி போடுவதோ பேச்சிலேயே இருக்கக் கூடாது என்றார். அவர் மாகாணத்தின் பிழைப்பு அது, அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் கனடாவின் மிகப் பெரிய பிடி அன்றைக்கே பாதி தளர்ந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் வேறு திசையில் ஒரு அடி. வரி கெடுதல் என்று 1987-இல் அதிபர் ரீகன் வானொலியில் பேசியதை வெட்டி எடுத்து, ஒன்டாரியோ அரசு 7.5 கோடி கனடிய டாலர் செலவில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் விளம்பரம் போட்டது. ட்ரம்ப் கோபத்தில் வர்த்தகப் பேச்சையே முறித்தார். விளம்பரம் வேண்டாம் என்று ஃபோர்டிடம் முன்பே சொன்னதாகவும், ட்ரம்பிடம் தான் மன்னிப்புக் கேட்டதாகவும் கார்னி பிறகு சொன்னார். அந்த மன்னிப்பைப் பற்றி வந்த கேலிகளைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. விளம்பரத்தில் சொன்னது உண்மைதான், ரீகன் அப்படித்தான் பேசினார். ஆனால் எஃகு விஷயத்தில் பேச்சு கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அதைக் கெடுத்துக்கொண்டது எஃகு ஆலைக்காரருக்கு என்ன நன்மை?

## ட்ரூடோ போய் கார்னி வந்தது

2024 நவம்பரில் ட்ரம்ப் வரி மிரட்டல் விட்டதும், நாலே நாளில் ட்ரூடோ ஃபுளோரிடாவுக்கு விமானம் ஏறி ட்ரம்ப் வீட்டில் இரவு உணவு சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான், கனடா அமெரிக்காவின் "51-ஆவது மாநிலம்" ஆகலாம் என்றும் "கவர்னர் ட்ரூடோ" என்றும் ட்ரம்ப் பேசத் தொடங்கினார். டிசம்பரில் அவருடைய நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட், ட்ரம்பை எதிர்கொள்வதில் கருத்து வேறுபாடு என்று எழுதிவைத்து விலகினார், ஜனவரி 6-ஆம் தேதி ட்ரூடோவும் விலகுவதாக அறிவித்தார். அப்போது எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிக்கும் மேல் முன்னால் இருந்தது.

நாலு மாதத்தில் அது தலைகீழானது. கனடாவின் மத்திய வங்கிக்கும் பிறகு பிரிட்டனின் மத்திய வங்கிக்கும் கவர்னராக இருந்த மார்க் கார்னி, அதுவரை ஒரு தேர்தலில் கூட நிற்காதவர், மார்ச் 14-ஆம் தேதி பிரதமரானார். ஏப்ரல் 28 தேர்தலில் அவருடைய லிபரல் கட்சி 343-இல் 169 இடம் பிடித்தது. ஐஸ் ஹாக்கியில் தள்ள வருகிறவனை முழங்கையைத் தூக்கித் தடுப்பார்கள், அந்த "எல்போஸ் அப்" நாடு முழுக்கக் கோஷமானது.

கார்னியின் பாணியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மரியாதையில் தாராளம், நாட்டின் இருப்பில் பிடிவாதம், பணத்தில் பேரம். முதல் வெளிநாட்டுப் பயணம் பாரீசுக்கும் லண்டனுக்கும், வாஷிங்டனுக்கு இல்லை. மே 6-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் ட்ரம்பைப் புகழ்ந்துகொண்டே, ரியல் எஸ்டேட் ஆளான உங்களுக்கே தெரியும், சில இடங்கள் விற்பனைக்கு வருவதே இல்லை என்றார். கோபமில்லை, குரல் உயரவில்லை. அதே மாதம் 27-ஆம் தேதி மன்னர் சார்லஸ் ஒட்டாவா வந்து நாடாளுமன்றத் தொடக்க உரையை வாசித்தார். கனடாவின் அரசுத் தலைவர் சட்டப்படி மன்னர்தான், ஆனால் மன்னரோ அரசியோ நேரில் வந்து அந்த உரையை வாசித்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இந்த நாட்டுக்குத் தனி அரசாட்சி இருக்கிறது என்று சொல்ல, ட்ரம்ப் மதிக்கிற ஒருவரையே அழைத்துவந்தார்கள்.

## இது புதுசும் இல்லை

1965-இல் பிரதமர் லெஸ்டர் பியர்சன், வியட்நாமில் குண்டுவீச்சைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கச் சொல்லி அமெரிக்க மண்ணிலேயே பேசினார். மறுநாள் அதிபர் ஜான்சன் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். 2003-இல் ஜான் கிரெட்டியன் ஈராக் போருக்கு வரமாட்டோம் என்றார். இரண்டு தடவையும் உறவு பிழைத்துக்கொண்டது.

நமக்கு அதைவிட முக்கியமானது 1971. அதிபர் நிக்சன், ஏற்கெனவே வரி இருந்த எல்லா இறக்குமதிக்கும் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டார், நட்பு நாடான கனடாவுக்கும் விலக்கு இல்லை. அந்த அதிர்ச்சியில் 1972-இல் கனடா ஒரு கொள்கை வகுத்தது: அமெரிக்காவை மட்டும் நம்பாமல் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் விற்போம். 'மூன்றாவது வழி' என்று அதற்குப் பெயர். நடந்தது என்ன? முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால் அமெரிக்காவுக்குப் போகும் பங்கு 80 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. அதிர்ச்சி ஆறியதும் பால்காரர் மறுபடி பக்கத்துக் கடைக்கே போய்விட்டார்.

## வேறு கடை தேடுவது

சந்தையைப் பரவலாக்குவது, அதாவது ஒரே வாடிக்கையாளரை நம்பாமல் பல பேருக்கு விற்பது, சொல்ல எளிது. எண்ணெயை ஆசியாவுக்கு விற்கக் கடற்கரைவரை குழாய் வேண்டும். ட்ரான்ஸ் மவுண்டன் குழாய் விரிவாக்கம் பல வருஷ வழக்குகளையும் எதிர்ப்பையும் தாண்டி 2024 மே மாதம்தான் ஓடத் தொடங்கியது, நாளொன்றுக்கு 8,90,000 பீப்பாய் போகும். எரிவாயுவைத் திரவமாக்கி அனுப்பும் கிடிமாட் துறைமுக நிலையத்திலிருந்து முதல் கப்பல் 2025 ஜூன் கடைசியில் கிளம்பியது. ஒரு மாகாணத்துக்கும் இன்னொரு மாகாணத்துக்கும் நடுவே இருந்த வர்த்தகத் தடைகளைக் குறைக்கவே தனிச் சட்டம் 2025-இல் போட வேண்டியிருந்தது.

புதுக் கடைக்குப் போனால் பழைய கடைக்காரர் சும்மா இருப்பாரா? 2026 ஜனவரியில் கார்னி பெய்ஜிங் போய் ஒரு உடன்பாடு செய்தார்: கனடாவின் கனோலா என்னும் எண்ணெய் வித்துக்குச் சீனா வரியைக் குறைக்கும், கனடா குறிப்பிட்ட எண்ணிக்கைச் சீன மின்சாரக் கார்களைக் குறைந்த வரியில் உள்ளே விடும். சில நாளில், நடுத்தர நாடுகள் ஒன்றுசேராவிட்டால் வல்லரசுகளின் தட்டில் உணவாகிவிடும் என்று சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடக்கும் உலகப் பொருளாதார மாநாட்டில் பேசினார். அதே மாதம் ட்ரம்ப், சீனாவோடு ஒப்பந்தம் போட்டால் கனடா மேல் 100 சதவீத வரி என்றார்.

சஸ்காட்சுவானில் கனோலா பயிரிடுகிற விவசாயிக்கு அந்தச் சீன உடன்பாடு உயிர். ஒன்டாரியோவில் கார் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு அதே உடன்பாடு பயம். இரண்டு பேருக்கும் ஒரே பிரதமர்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு தேதி இருக்கிறது: 2026 ஜூலை 1. கஸ்மா ஒப்பந்தத்தை மூன்று நாடுகளும் ஆறாவது ஆண்டில் உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. மூவரும் சரி என்றால் இன்னும் 16 ஆண்டு நீளும். யாராவது ஒருவர் சரி சொல்லாவிட்டாலும் உடனே செத்துப்போகாது, வருஷா வருஷம் இதே பரிசீலனை நடக்கும், கடைசியில் 2036-இல் காலாவதியாகும். இவ்வளவுக்கும் நடுவே எந்த நாடும் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து விலகிக்கொள்ளவும் முடியும். ஒவ்வொரு வருஷமும் "நீட்டிப்பார்களா" என்று காத்திருக்கிற ஊரில் யார் புதிதாக ஆலை கட்டுவார்கள்? கார்னி முறைத்ததையும் இறங்கிவந்ததையும் இந்த ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்த வீடியோ வரும்போது அதில் எந்தப் பாதி விடுபட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.